கல்லில் சோமேசுவரன், கதையில் பிம்பன்

டிராம்பே குன்றுக்கு ஒரு பக்கம் அணு உலைகள், மறு பக்கம் அணுசக்தி நகர். 1956 ஆகஸ்ட் 4ஆம் தேதி அப்சரா உலை இயங்கத் தொடங்கிய நாளிலிருந்துதான் இந்த இடத்துக்கு வரலாறு என்று நினைக்கத் தோன்றும். ஆனால் குன்றடியில் இருக்கும் மாஹுல் கிராமத்தில் 1153ஆம் ஆண்டுக் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. சிலாஹார அரசன் ஹரிபாலதேவன் காலத்தது. எதிரே கடலுக்குள் எலிபெண்டா. அதையும் தாண்டி, துறைமுகத்தின் அக்கரையில் உரண். அங்கே ரண்வாட், சாஞ்சே என்ற இரண்டு ஊர்களில் 1259இலும் 1260இலும் பொறித்த கற்களில் சோமேசுவரன் என்ற அரசனின் பெயர் இருக்கிறது. வட கொங்கணத்தை நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட சிலாஹாரக் குலத்தின் கடைசி அரசன் அவன். போரில் தோற்றுக் கடலிலேயே மாண்டவன். இவ்வளவு இருந்தும் மும்பையின் ஆதி அரசன் யார் என்று கேட்டால் ஊர் அவன் பெயரைச் சொல்லாது. மாஹிமில் கோட்டை கொத்தளம் கட்டிக் குடிகளை அமர்த்திய பிம்ப ராஜாவின் பெயரைத்தான் சொல்லும். பிம்பன் காலத்தது என்று ஐயமில்லாமல் காட்டக் கல் ஒன்றும் நம் கையில் இல்லை. கல் உள்ளவனுக்குக் கதை இல்லை. கதை உள்ளவனுக்குக் கல் இல்லை. இது காலத்தின் விளையாட்டு என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. ஓர் அரசனின் கதையை நிலைக்கவைப்பவர்கள் அவன் பெயரைச் சொல்லி நிலமும் உரிமையும் வைத்திருக்கும் குடிகளே. வீரமும் வெற்றியும் அதற்குப் பிறகுதான். இந்தக் கடற்கரையின் சான்றுகள் இதைத்தான் காட்டுகின்றன என்பது என் துணிபு.

சோமேசுவரனிடமிருந்து தொடங்குவோம். சிலாஹாரர் தங்களை ஜீமூதவாகனன் வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். கருடனுக்கு இரையாகப் பாறையில் கிடத்தப்படவிருந்த நாகனைக் காப்பாற்றத் தன் உடலையே கொடுத்த வித்யாதரன் அவன். ஹர்ஷனின் நாகானந்தம் நாடகத்தின் நாயகன். தன்னைக் கொடுத்துப் பிறரைக் காப்பது எங்கள் குலத் தொழில் என்று பட்டயத்துக்குப் பட்டயம் எழுதிக்கொண்ட மரபு அது. பேச்சோடு நின்ற மரபும் அல்ல. அம்பர்நாத்தில் 1060ஆம் ஆண்டுக் கல்வெட்டோடு நிற்கும் சிவன் கோயில் அவர்கள் காலத்தது. பரேலில் கிடைத்த 1187ஆம் ஆண்டுக் கல்லில் இரண்டாம் அபராதித்தன் மகாராஜாதிராஜன், கொங்கணச் சக்கரவர்த்தி என்ற விருதுகளோடு நிற்கிறான். அவனுக்கு முன் ஆண்ட மல்லிகார்ச்சுனன் ராஜபிதாமகன் என்று பட்டம் சூட்டிக்கொண்டான். அதைப் பொறுக்காத குஜராத்தின் குமாரபாலன் படை அனுப்பி, முதல் முறை தோற்று, மறுமுறை அவன் தலையைக் கொண்டுவரச் செய்தான் என்று மேருதுங்கரின் பிரபந்த சிந்தாமணி சொல்கிறது. வடக்கே சாளுக்கியர், கிழக்கே மலைக்கு மேல் தேவகிரி யாதவர் என்று இரண்டு பெரிய அரசுகளுக்கு நடுவே, கடலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு பிழைத்த அரசு அது. தாணேயும் சோபாராவும் அதன் துறைகள். சுங்கமே அதன் உயிர்.

1260ஆம் ஆண்டுக் கல் அந்த அரசின் கடைசிக் காலத்தைக் கிட்டத்தில் காட்டுகிறது. உரண் பகுதியில் ஒரு தோட்டத்தின் வருவாயிலிருந்து 162 பாருத்த திரம்மக் காசுகள் தாணேயில் இருந்த உத்தரேசுவர மகாதேவர் கோயிலுக்குச் சேரவேண்டும் என்பது அதன் செய்தி. அரசனின் பெயருக்குப் பிறகு அதிகாரிகளின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. மகா அமாத்தியன் ஜம்படப் பிரபு அவர்களில் முதல்வன். தோட்டம், காசுக் கணக்கு, கோயில், கணக்கர்கள் என்று எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. ஆட்சி ஆட்டம் காணும் தேசம் என்பதற்கு அந்தக் கல்லில் ஓர் எழுத்துகூட இல்லை. அடுத்த ஆண்டு தேவகிரியில் மகாதேவன் பட்டத்துக்கு வருகிறான். 1265 வாக்கில் சிலாஹார அரசு முடிந்துபோகிறது. 1272இல் தாணேப் பகுதியில் பட்டயம் கொடுப்பவன் யாதவர்களின் அதிகாரி அச்சுத நாயகன்.

இடையில் நடந்ததைச் சொல்பவர் ஹேமாத்ரி. மகாதேவனின் அமைச்சர், சதுர்வர்க்க சிந்தாமணியைத் தொகுத்தவர். அந்த நூலின் அரச மெய்க்கீர்த்திப் பகுதியில், நிலத்தில் யாதவரின் யானைப்படைக்கு நிற்க முடியாமல் சோமேசுவரன் கப்பல் ஏறினான் என்றும், மகாதேவனின் சினத்தீயைவிடக் கடலுக்கடியில் எரியும் வடவைத்தீயே மேல் என்று கடலில் மூழ்கினான் என்றும் வருகிறது. வென்றவனின் அமைச்சர் எழுதியதை எப்படி நம்புவது என்று கேட்கலாம், கேட்கவேண்டியதுதான். வடவைத்தீ புலவர் வழக்கு. தோற்றவனைக் கோழையாக்குவது மெய்க்கீர்த்தியின் வேலை. ஆனால் புகழ்ச்சிக்கு வேண்டாத ஒன்று அதில் சிக்கியிருப்பதைக் கவனியுங்கள். யானைப்படைக்குப் பேர்போன மலைநாட்டு அரசனைப் புகழ வருபவருக்கு, எதிரி தப்பிக் கடலுக்குப் போனான் என்று எழுதுவதில் ஒரு லாபமும் இல்லை. நிலத்தில் பிடித்தோம், தலையை வெட்டினோம் என்று எழுதியிருந்தால் இன்னும் பெருமை. அப்படி எழுத முடியாமல், கடல் வாங்கிக்கொண்டது என்று எழுத நேர்ந்ததே அந்த அரசன் பிடிபடவில்லை என்பதற்குச் சான்றாகிறது. உயிர் பிழைக்க வேண்டுமானால் தேவகிரிக்குக் கப்பம் கட்டி அடங்கியிருக்கலாம். அன்றைய சிற்றரசர்கள் வழக்கமாகச் செய்ததும் அதுதான். சோமேசுவரன் அதைச் செய்யவில்லை. கப்பல்களைக் கூட்டிக்கொண்டு தன் பலம் இருந்த இடத்துக்குப் போய்ப் போரிட்டான் என்று அந்தப் புகழுரையை வாசிப்பதே எனக்கு நியாயமாகப் படுகிறது.

மும்பையின் வடக்கே போரிவலியை ஒட்டிய எக்சர் கிராமத்தின் வீரக்கற்களை இந்த இடத்தில் பார்க்கவேண்டும். 1882இல் வெளிவந்த தாணே மாவட்ட கெஸட்டியர் ஆறு கற்களை விவரிக்கிறது. அவற்றில் பெரியவை சுமார் 10 அடி உயரம், 3 அடி அகலம். நடுகல் நமக்குப் புதிதல்ல. கல்லைத் தேர்வதிலிருந்து வாழ்த்துவது வரை தொல்காப்பியம் அதற்கு ஆறு துறை வகுத்திருக்கிறது. செங்கம் பக்கம் நடந்தால் ஆநிரை மீட்டுச் செத்தவனைக் கல்லில் காணலாம். ஆனால் எக்சரில் காண்பதைச் செங்கத்தில் காண முடியாது. அடித்தட்டில் கூரிய மூக்கும் உயர்ந்த பின்புறமும் கொண்ட கப்பல்கள் அணிவகுக்கின்றன. பக்கவாட்டில் துடுப்புகள் சீப்பின் பற்களாக இறங்கியிருக்கின்றன. மேலே கப்பலும் கப்பலும் மோதுகின்றன, ஆட்கள் தண்ணீரில் விழுகிறார்கள். அதற்கும் மேலே செத்தவன் வானுலகு போய்ச் சிவலிங்கத்தை வணங்குகிறான். இந்தியக் கலையில் கடற்போரை இவ்வளவு விரிவாகச் செதுக்கிய இடங்கள் மிகக் குறைவு. கல்தச்சன் கப்பலைக் கேள்வியறிவில் செதுக்கவில்லை. துடுப்பு எந்தக் கோணத்தில் நீரில் இறங்கும் என்று தெரிந்த கை அது.

இந்தக் கற்கள் சோமேசுவரனின் கடைசிப் போரில் விழுந்தவர்களுக்கு நட்டவை என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். மறுப்பும் உண்டு. பரமார அரசன் போஜன் கொங்கணத்தை வென்றதாக 1020ஆம் ஆண்டுப் பட்டயங்கள் சொல்வதால், கற்கள் அந்தப் போருக்கு உரியவை, பதினோராம் நூற்றாண்டுச் சிற்ப அமைதி என்பது அந்தக் கட்சி. படிக்கத்தக்க பெயர் எதுவும் கல்லில் இல்லாததால் தீர்ப்பு சிற்ப அமைதியை நம்பி நிற்கிறது. அதை வைத்து இரு நூற்றாண்டுகளைப் பிரிப்பது எளிதல்ல. ஆனால் மாளவத்துப் போஜன் மலைவழியாக வந்தவன். அவன் கப்பற்படை நடத்தியதாக அந்தப் பட்டயங்கள் சொல்லவில்லை. கொங்கணத்து அரசன் கடலில் முடிந்தான் என்ற எழுத்துச் சான்று சோமேசுவரன் ஒருவனுக்குத்தான் இருக்கிறது. அதனால் சாய்வு அவன் பக்கம்தான் என்பேன். ஒருவேளை போஜன் காலத்துக் கற்களே என்று நாளை தீர்ந்தாலும் என் வாதத்துக்குப் பழுதில்லை. கடலில் செத்தவர்களுக்குக் கல் நட்ட ஊரில் அவர்கள் பெயரும் அவர்களின் அரசன் பெயரும் கதையாக நிற்கவில்லை என்பது எப்படிப் பார்த்தாலும் உண்மை.

இனி பிம்பன். மஹிகாவதி பகர் என்ற மராட்டிய நூலை வி. கா. ராஜ்வாடே 1924இல் பதிப்பித்தார். ஒரே கையில் ஒரே காலத்தில் எழுந்த நூல் அல்ல அது. பல பகுதிகள், பல காலம். பழைய பகுதியைக் கேசவாசாரியர் 1448இல் சொன்னதாக நூலே கூறுகிறது. மாலாடில் கூடிய கொங்கணத்துக் குடிகளுக்கு அவரவர் வமிசம், கோத்திரம், முறைமை ஆகியவற்றை எடுத்துச் சொன்ன கூட்டம் அது. பிம்பனின் கதை அந்தப் பேச்சுக்குள்தான் வருகிறது. ஒரு வரலாற்றில் பிரதாப பிம்பன் சக ஆண்டு 1060இல், அதாவது 1138இல், வந்து தமணிலிருந்து வாலுகேசுவரம் வரை வென்று மாஹிமைத் தலைநகராக்குகிறான். அறுபத்தாறு குடிகள் அவனோடு வருகின்றன. இன்னொரு வரலாற்றில் அவன் தேவகிரி ராமச்சந்திரனின் மகன். அலாவுதீன் தேவகிரியைத் தாக்கியபின் கொங்கணத்துக்கு இறங்கி வருகிறான். பதாரே பிரபுக்கள், யஜுர்வேதப் பிராமணர், பஞ்சகல்சி என்று மும்பையின் பழைய குடிகள் பலரும் தங்கள் வரவை அவனோடு சேர்த்தே சொல்கிறார்கள்.

முதல் வரலாறு சோதனையில் தேறாது. 1127இல் அபராதித்தன் பட்டயம் கொடுக்கிறான். 1150இல் ஹரிபாலதேவனின் கல் அகாசியில், 1153இல் மாஹுலில். தமணிலிருந்து வாலுகேசுவரம் வரை பிம்பன் ஆண்டிருந்தால் இந்தக் கற்களுக்கு இங்கே என்ன வேலை? இரண்டாவதை அப்படி எளிதாகத் தள்ள முடியாது. 1296க்குப் பிறகு தேவகிரி அடிமேல் அடி வாங்கியது; மலைக்குக் கீழே யாதவ இளவரசன் ஒருவன் ஒதுங்கியிருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. அதற்குச் சற்று முன் இந்தக் கடல் வழியே போன மார்க்கோ போலோ, தாணே அரசன் யாருக்கும் கப்பம் கட்டாதவன், கடற்கொள்ளையரோடு உடன்பாடு வைத்துக் குதிரைகளைத் தன் பங்காக வாங்கிக்கொள்பவன் என்று எழுதுகிறார். தேவகிரியின் பிடி கடற்கரையில் தளர்ந்துபோயிருந்தது என்பதற்கு அது சாட்சி. ஆனால் 1321இல் தாணேயில் நான்கு கிறித்தவத் துறவிகள் கொல்லப்பட்டபோது அங்கே தில்லி சுல்தானின் அதிகாரிகள் இருந்தார்கள். ஆக, பிம்பன் என்று ஒருவன் இருந்திருந்தால் அவன் ஆட்சி இருபது, இருபத்தைந்து ஆண்டு. மாஹிமும் சுற்றுவட்டாரமும்தான் எல்லை. அவன் சந்ததியையும் சேர்த்தால் 1348இல் முடிகிறது. நானூறு ஆண்டு ஆண்ட குலம் மறந்துபோன ஊரில் இந்தச் சிறு ஆட்சி மட்டும் எப்படி நிலைத்தது?

விடை ஓர் ஆவணத்தில் இருக்கிறது. மாலாட் பகுதியின் சர்தேசாய், சர்தேஷ்பாண்டே என்ற வரிவசூல் உரிமைகளை ஒரு கைம்பெண்ணிடமிருந்து மகாராஜாதிராஜ பிம்பஷா 24,000 ரயலுக்கு வாங்கி, பின்பு தன் ராஜகுருவுக்குத் தானமாகக் கொடுத்தான் என்று சக ஆண்டு 1220, 1221 தேதியிட்ட பத்திரம் சொல்கிறது; 1902இல் மும்பையின் எழுச்சி பற்றி எழுதிய எட்வர்ட்ஸ் அதை எடுத்தாள்கிறார். 1299 வாக்கில் தேவகிரி இளவரசன் ஒருவன் ஷா என்று பெயர் போட்டுக்கொள்வதும், சிலாஹாரர் கல்லில் திரம்மம் புழங்கிய நாட்டில் ரயல் கணக்கு வருவதும் உறுத்துகின்றன. போர்த்துகீசியர் காலத்திலோ அதற்குப் பிறகோ, உரிமை வழக்கு ஒன்றுக்காகத் திரும்ப எழுதப்பட்ட பத்திரம் என்றே சந்தேகிக்கத் தோன்றுகிறது. சந்தேகம் சரியென்றால் பிம்பனின் கதைக்கு அது பாதகமல்ல. அந்தக் கதை எதற்காக உயிரோடு இருந்தது என்பதை அதுவே விளக்குகிறது. ஆள்பவர் மாறிக்கொண்டே இருந்தார்கள்: யாதவர், தில்லி, குஜராத் சுல்தான், போர்த்துகீசியர், ஆங்கிலேயர். ஒவ்வொரு புதிய ஆட்சியின் கணக்கனும், இந்த உரிமை உனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டான். பிம்ப ராஜா கொடுத்தது என்ற பதில் ஒவ்வொரு தலைமுறைக்கும் வேண்டியிருந்தது. வேண்டியிருந்ததால் சொல்லப்பட்டது.

தமிழ்நாட்டில் இதே கதை இருக்கிறது. ஆதொண்டைச் சக்கரவர்த்தி குறும்பரை வென்று, தொண்டை மண்டலத்தில் வேளாளரைக் கொண்டுவந்து குடியேற்றி, 24 கோட்டங்களும் 79 நாடுகளுமாகப் பிரித்துக் காணியாட்சி கொடுத்தான் என்பது மரபு. சோழன் மகன் என்பார்கள். சோழர் கல்வெட்டுகள் ஆயிரக்கணக்கில் படிக்கப்பட்டும், கதை சொல்லும் அந்த வெற்றி வீரனை அவற்றில் அடையாளம் காட்ட முடியவில்லை. ஆனால் 1818இல் சென்னைக் கலெக்டர் எல்லிஸ் துரை மிராசு உரிமை பற்றிய கேள்விகளுக்கு விடை எழுதியபோது ஆதொண்டையின் குடியேற்றத்திலிருந்துதான் தொடங்கினார். கம்பெனியின் வரி அதிகாரிக்கு முன்னால், எழுநூறு ஆண்டுக்கு முந்தைய அரசன் ஒருவன் சாட்சியாக வந்து நின்றான். பிம்பனும் அறுபத்தாறு குடியும், ஆதொண்டையும் வேளாளரும்: வந்த அரசன், வென்ற பகை, அமர்த்திய குடி, பிரித்த நாடு என்று அச்சு ஒன்றாகவே இருக்கிறது. கதையைக் குடிகள் ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கவில்லை. தேவை ஒன்றாக இருந்ததால் வடிவமும் ஒன்றானது. இந்தத் தேவை பழங்காலத்தோடு போய்விடவில்லை. அணுசக்தி நகரை ஒட்டியிருந்த ஜனதா காலனி 1976இல் அகற்றப்பட்டு, அங்கிருந்தவர்கள் சீத்தா கேம்புக்கு மாற்றப்பட்டார்கள். தமிழ்க் குடும்பங்கள் அவர்களில் ஏராளம். எந்த ஆண்டு வந்தோம், யார் கொடுத்த இடம், கையில் என்ன காகிதம் என்ற மூன்று கேள்விகள் அவர்களுக்கு எவ்வளவு உயிரான கேள்விகள் என்பதை விளக்கவேண்டியதில்லை. மஹிகாவதி பகரைக் கேட்ட 1448ஆம் ஆண்டுக் கூட்டத்துக்கும் அவை அவ்வளவு உயிரானவைதான்.

தோற்றவனை ஊர் மறப்பது இயல்புதானே, இதற்கு இத்தனை காரணம் எதற்கு என்று சொல்வார்கள். அந்த வாதம் நிற்காது. பிருதிவிராஜன் தோற்றவன், கட்டபொம்மன் தூக்கிலேறியவன், மூவேந்தரின் முற்றுகையில் பாரி மாண்டான். மூவருக்கும் புகழ் குறையவில்லை. பாரிக்குக் கபிலர் இருந்தார். அவன் மகளிரைக் கைப்பிடித்து அழைத்துப்போகும் அளவுக்குக் கடன்பட்ட புலவர். கட்டபொம்மனின் கதையைக் கும்மியாகவும் கூத்தாகவும் எடுத்துச்செல்லத் தெக்கத்திச் சீமையில் மக்கள் இருந்தார்கள். பிருதிவிராஜனின் ராசோவைப் பிற்காலத்தில் வளர்த்துக்கொண்டே போக ராஜபுதனத்துக் குலங்களுக்குத் தேவை இருந்தது. சோமேசுவரனுக்குப் பின் அப்படி யாரும் இல்லை. வாரிசு பற்றிய செய்தி இல்லை. ஷேலார் என்ற மராட்டியக் குடும்பப் பெயர் சிலாஹாரிலிருந்து வந்தது என்பார்கள், ஆனால் அந்தக் குடும்பங்களுக்குச் சோமேசுவரனை நினைத்து ஆகவேண்டிய காரியம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. சிலாஹாரத் தலைநகரின் பெயரான புரி எந்த ஊர், எலிபெண்டாவா வேறா என்பதுகூட இன்னும் வழக்கில் கிடக்கிறது. அவனிடம் உரிமை பெற்றவர்கள் இருந்தார்கள்; ஆனால் யாதவ அதிகாரி வந்து உட்கார்ந்த மறுநாள் சிலாஹாரன் கொடுத்தான் என்று சொல்வது பகைவனின் பெயரைச் சொல்வதாக ஆகியிருக்கும். பிம்பனின் பெயருக்கு அந்த ஆபத்து இல்லை. தேவகிரியின் பிள்ளை என்று சொன்னால் யாதவர் மரபுக்கும் பொருந்தும். சுல்தானோ போர்த்துகீசியனோ பகைவனாகப் பார்க்க அவனுக்குப் படை இல்லை.

அப்படியானால் பிம்பனின் கதை வெறும் புனைவா என்றால், அதுவும் தவறு. பிரபுக்களும் பிராமணர்களும் தோட்டக்காரர்களும் வெளியிலிருந்து வந்து இந்த உப்புமண்ணில் தென்னையும் நெல்லும் வைத்தார்கள் என்ற செய்தி உண்மையாகவே இருக்கவேண்டும். அவர்களின் மொழியிலும் தெய்வங்களிலும் வழக்கங்களிலும் குஜராத்தின் தடமும் தக்காணத்தின் தடமும் கலந்து கிடக்கின்றன. பல தலைமுறையாக, பல திசையிலிருந்து நடந்த வரவை ஒரே அரசனின் ஒரே படையெடுப்பாக அந்தக் கதை மடித்து வைத்துக்கொண்டது. இரண்டு வெவ்வேறு ஆண்டுகள் அதில் கிடப்பதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். 1138, 1296 என்ற இரு காலத்து வரவுகள் ஒரு பெயரின் கீழ் வந்து சேர்ந்திருக்கின்றன.

ஒன்று மட்டும் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. சோமேசுவரனின் 1260ஆம் ஆண்டுக் கல்லில் அமைச்சர்களிடையே பிரபு என்று முடியும் பெயர்கள் இருக்கின்றன. பிரபு என்பது அன்று பதவிப்பெயர். பிற்காலத்துச் சாதிப்பெயரோடு அதை அப்படியே ஒட்டிவிடக் கூடாது. ஆனாலும் கொங்கணத்துக் கணக்கும் எழுத்தும் பிரபு என்று பட்டம் பூண்டவர்களின் கையில் பிம்பனுக்கு முன்பே இருந்தன என்பதை அந்தக் கல் மறுக்க இடமின்றிக் காட்டுகிறது. அரசன் கப்பலோடு போனான். தோட்டம், கோயிலுக்குச் சேரவேண்டிய 162 காசு, அதைக் கணக்கில் ஏற்றத் தெரிந்தவர்கள் எல்லாரும் கரையிலேயே இருந்தார்கள். அவர்களில் சிலராவது தாணேயிலிருந்து மாஹிமுக்குப் போய்ப் புதிய எசமானரிடம் அதே வேலையைத் தொடர்ந்திருக்க வேண்டும். அவர்களின் பேரப்பிள்ளைகள், நாங்கள் பிம்பனோடு வந்தவர்கள் என்று 1448ஆம் ஆண்டுக் கூட்டத்தில் பதிந்துகொண்டிருக்கக்கூடும். இதை உறுதிசெய்ய வேண்டுமானால் பகரில் வரும் குடிப்பெயர்களையும் மாஹுல், ரண்வாட், சாஞ்சே, பரேல் கற்களில் வரும் அதிகாரிகளின் பெயர்களையும் ஒன்றுக்கொன்று வைத்துப் பார்க்கவேண்டும். கல்வெட்டறிஞர் மிராசியின் சிலாஹாரக் கல்வெட்டுத் தொகுதி 1977இலேயே அச்சில் வந்துவிட்டது. ராஜ்வாடேயின் பதிப்பு அதற்கும் அரை நூற்றாண்டு முந்தியது.